காதில் ஒலிக்கும் ஊர் யாருடையது? மாதாப்பூரும் ஓர் இங்கிலாந்துச் சிற்றூரும்

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் கிராமத்தைப் பார்க்க விரும்புவோர் நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும். 1992இல் தொடங்கப்பட்ட சில்பாராமம் என்னும் கலை, கைவினைக் கிராமம் அங்கே இருக்கிறது. மண்சுவர்க் குடில்கள், கூரை வேய்ந்த வீடுகள், தொழில் செய்யும் நிலையில் உறைந்து நிற்கும் கைவினைஞரின் ஆளுயர உருவங்கள் ஆகியவை அதன் கிராமிய அருங்காட்சியகத்தை நிறைத்திருக்கின்றன. சற்றுத் தொலைவில், 1998 நவம்பர் 22 அன்று பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் திறந்துவைத்த சைபர் டவர்ஸ் கட்டடம் நிற்கிறது. இவ்விரண்டிற்கும் பெயர்முகவரி தந்த மாதாப்பூர் என்னும் உழவர் ஊரோ இரண்டிலும் இல்லை. பேருந்துப் பலகையிலும் காவல்நிலையப் பெயரிலும் அஞ்சல் முகவரியிலும் அது எஞ்சியிருக்கிறது.

ஓர் ஊரின் பெயர் மிஞ்சி ஊர் மறைவதும், அதனருகிலேயே பொதுவான 'கிராமம்' ஒன்று காட்சிக்கு வைக்கப்படுவதும் மாதாப்பூருக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. இந்நிகழ்வின் பழைய வடிவம் ஒன்றை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காணலாம். அந்நாட்டின் பழஞ்சிற்றூர்கள் பலவற்றை இன்று கைபேசியும் இயர்போனுமாக, வழிகாட்டி எவருமின்றி, பயணிகள் தாமே சுற்றிவருகின்றனர். வரைபடத்தில் எண்ணிட்ட இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் அவ்விடத்தின் கதையைச் சொல்லும். எங்கே தொடங்குவது, எங்கெங்கே நிற்பது, யார் பேசுவது என்னும் மூன்று முடிவுகளால் இத்தகைய ஒலிவழிநடை உருவாகிறது. இம்மூன்றும் வரலாற்றெழுதியல் சார்ந்த முடிவுகள் என்பதும், மாதாப்பூர் போன்ற ஊருக்கு இவை அவசரமான முடிவுகளாகிவிட்டன என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

ஊரைச் சுற்றி நடந்து, நின்று, சொல்லி, நினைவில் வைத்தல் கருவிகளின் காலத்துக்கு மிக முந்திய வழக்கம். நிலவரைபடங்கள் பரவுமுன் இங்கிலாந்தின் திருச்சபைப் பங்குகளில் இயேசுவின் விண்ணேற்றத் திருநாளையொட்டி எல்லை சுற்றும் சடங்கு நடைபெற்றது. குருவும் ஊர்ப் பெரியவர்களும் சிறுவர்களும் எல்லை நெடுகிலும் நடந்தனர். எல்லைக்கல் வந்ததும் சிறுவர்கள் அதைக் கோலால் அடித்தனர். சில ஊர்களில் சிறுவர்களையே அக்கல்லில் மோதவைத்தனர்; ஓடையில் இறக்கினர். வலித்த இடம் மறக்காது என்பது அவர்களது கணக்கு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எல்லைத் தகராறு எழுந்தால் சாட்சி சொல்ல அந்தச் சிறுவன் கிழவனாக இருப்பான்.

தமிழகத்தில் இதற்கு இணையான வழக்கம் சோழர் செப்பேடுகளில் பதிவாகியுள்ளது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை வழங்கியதைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு, பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த பிடிசூழ்தலைக் குறிப்பிடுகிறது. யானை நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடப்பட்டன. அச்செப்பேட்டின் எல்லைப் பகுதியைப் படிப்பவர் ஒரு நடையைப் பின்தொடர்கிறார். இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, அந்த வயலுக்கு மேற்கு என அது அடியடியாக நகர்கிறது. ஓர் அலுவலர் மட்டும் தனியே அமர்ந்து எழுதிவிடக்கூடிய உரை அன்று அது. வயலின் பெயரையும் வாய்க்காலின் பெயரையும் அறிந்த ஊரார் உடன் நடந்திருந்தால்தான் அதை எழுத முடியும்.

இவ்விரு வழக்கங்களிலும் நடப்பவரும் சொல்பவரும் கேட்பவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள், அல்லது அவ்வூரின் உரிமைகளோடு நேரடியாகத் தொடர்புடையவர்கள். சொல்லப்படும் செய்தி பொழுதுபோக்கு அன்று; நிலவுரிமைச் சான்று. அந்த நிலவுரிமை பறிபோனபோது இங்கிலாந்தில் நடையும் குரலும் பிரிந்தன. 1604 முதல் 1914 வரை அந்நாட்டு நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் அவற்றின்கீழ் வந்தது. பொதுமேய்ச்சலும் விறகு பொறுக்கும் உரிமையும் வேலிக்குள் மறைந்தன. எல்லையை வாயால் சொல்லி மெய்ப்பிக்கும் கிழவரின் இடத்தில் நில அளவையாளரின் வரைபடம் அமர்ந்தது.

டார்செட் மாவட்டத்தின் மில்டன் அப்பாஸ் இக்காலத்தின் விளைபொருள். பள்ளத்தாக்கின் சரிவில் ஒரே தெரு. அதன் இருபுறமும் வெள்ளைச் சுவரும் வைக்கோற்கூரையும் கொண்ட, ஏறத்தாழ ஒன்றையொன்று ஒத்த 36 வீடுகள். அவற்றின் முன்னே புல்வெளி. இங்கிலாந்துச் சிற்றூர் என்றவுடன் உலகம் மனத்தில் வரையும் படம் இதுவே. அந்தச் சீர்மையே ஐயத்தை எழுப்பவேண்டும். நூற்றாண்டுக்கணக்கில் தானாக வளர்ந்த ஊர் ஒன்றுபோல் இராது. முன்பு மிடில்டன் என்னும் சந்தை நகரம் அங்குள்ள மடாலயத் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. கடைகளும் மதுச்சாலைகளும் இலக்கணப் பள்ளியும் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளும் அதில் இருந்தன. 1752இல் அப்பண்ணையை வாங்கிய ஜோசப் டேமர், பின்னாளில் மில்டன் பிரபு ஆனவர், தம் மாளிகையின் முன் அந்நகரம் கண்ணை உறுத்துவதாகக் கருதினார். குத்தகைகள் முடிய முடிய வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தோற்றக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனும் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸும் அமர்த்தப்பட்டனர். மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாத மடிப்பில் புதிய தெரு எழுந்தது. 1780 அளவில் அது நிறைவுற்றது. பழைய நகரத்தின் ஒரு பகுதியில் இன்று செயற்கை ஏரி கிடக்கிறது.

அழகிய அவ்வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவர், ஒவ்வொன்றும் இரு குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டது என்பதை எளிதில் உணரமாட்டார். ஊரை விட்டு நகர மறுத்த வில்லியம் ஹாரிசன் என்னும் வழக்கறிஞரின் வீட்டின்மீது பிரபு மதகைத் திறந்துவிட்டார் என்றும், ஹாரிசன் வழக்காடி வென்றார் என்றும் ஊர்க்கதை கூறும். ஆக்ஸ்ஃபோர்டு அருகே நியூனம் கோர்ட்னியிலும் 1760களில் ஹார்கோர்ட் பிரபு இவ்வாறே ஊரைப் பெயர்த்தார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட கைவிடப்பட்ட ஊர் பற்றிய நெடுங்கவிதைக்கு அந்நிகழ்வே தூண்டுதல் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே மில்டன் அப்பாஸின் தெருவில் நடக்கும் பயணியின் காதில் ஒலிக்கவேண்டிய முதற்செய்தி அந்தத் தெருவைப் பற்றியது அன்று; ஏரியடியில் கிடக்கும் நகரத்தைப் பற்றியது. தெருவின் தலைமாட்டில் நடையைத் தொடங்கினால் அது கட்டடக்கலை வரலாறாகும். ஏரிக்கரையில் தொடங்கினால் வெளியேற்றத்தின் வரலாறாகும். வீடுகள் அவையே, தொடங்கும் இடம் பொருளை மாற்றிவிடுகிறது.

அடுத்தது குரல் பற்றிய முடிவு. பார்வையிடுவோருக்கான ஒலிவழிகாட்டியின் தொடக்கம் 1952ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் நிகழ்ந்தது. சிற்றலை வானொலி வழியாக உரை ஒலிபரப்பானது. அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே சொற்றொடரைக் கேட்டதால் கூட்டம் முழுவதும் ஓர் ஓவியத்திலிருந்து அடுத்ததற்கு ஒன்றாக நகர்ந்தது. அதே ஆண்டில் பிரான்சின் ஷாம்போர் கோட்டையில் முதல் ஒலி ஒளிக் காட்சி அரங்கேறியது. இடமே பேசுவதுபோன்ற மாயையை உண்டாக்கும் இரு கலைகள் ஓராண்டில் பிறந்திருக்கின்றன. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹைட் பார்க் இல்லத்திற்கான ஒலிவழிகாட்டிக்கு எலினார் ரூஸ்வெல்ட் தாமே குரல் கொடுத்தார். வீட்டுக்கு உரியவரே வீட்டைக் காட்டும் மரபு அது. ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையின் ஒலிவழிகாட்டியிலும் அரச குடும்பத்தின் நினைவுகள் இடம்பெறுகின்றன.

இம்மரபைத் திருப்பிப்போட்டது அல்கட்ராஸ் சிறை. 1987இல் அச்சிறைக்கூடத்துக்கு உருவாக்கப்பட்ட ஒலிவழிநடையில் முன்னாள் காவலர்களும் முன்னாள் கைதிகளும் பேசினர். அங்கே ஒரே அறையைப் பற்றி இரண்டு குரல்கள் கேட்கின்றன. இரண்டும் ஒன்றையே சொல்வதில்லை. பூட்டியவரும் பூட்டப்பட்டவரும் உயிரோடிருந்த காலத்திலேயே பதிவு நிகழ்ந்ததால்தான் அது இயன்றது. மில்டன் அப்பாஸுக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை. மிடில்டனிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் குரலுக்கு மாற்றாக, அங்கே எஞ்சியிருப்பவை குத்தகை ஆவணங்களும் ஊர்க்கதையும் மட்டுமே.

இந்தியாவில் ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் 2019 டிசம்பரில் அறிமுகப்படுத்திய ஆடியோ ஒடிகோஸ் என்னும் செயலி மாமல்லபுரம் உள்ளிட்ட 12 இடங்களுக்கு ஒலிவழிகாட்டியை அளித்தது. ஆக்ரா கோட்டை, தாஜ்மகால், ஃபதேபூர் சிக்ரி, செங்கோட்டை, கஜுராஹோ என அப்பட்டியல் நீள்கிறது. அவை பெரும்பாலும் அரசர் கட்டியவை. மாதாப்பூருக்கு அண்மையிலுள்ள கோல்கொண்டாவின் ஒலி ஒளிக் காட்சியில் நெடுங்காலம் ஒலித்தது அமிதாப் பச்சனின் குரல். கோட்டைக்குக் கம்பீரமான குரல் பொருந்தும். ஆனால் ஃபதே வாயிலில் தட்டிய கையொலி உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் கேட்கும் வியப்பைச் சொல்லும் கதைகளில், கோட்டைக்கு நீர் வந்த வழியிலுள்ள ஊர்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன.

அந்நீர் மாதாப்பூர் எல்லையிலிருந்து போனது. குதுப் ஷாஹி காலத்தில் கோல்கொண்டாவுக்குக் குடிநீர் வழங்கிய ஏரியாகத் துர்கம் செருவு அறியப்படுகிறது. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. துர்கம் என்றால் கோட்டை. கோட்டைக்கு உரிய ஏரி என்னும் உறவு பெயரிலேயே இருக்கிறது. பாறைக் குன்றுகள் மறைத்திருந்ததால் ரகசிய ஏரி என்றும் அதை அழைத்தனர். 2020 செப்டம்பர் 25 முதல் அதன்மேல் ஒரு தொங்குவடப் பாலம் ஜூபிலி ஹில்ஸையும் மாதாப்பூர்ப் பகுதியையும் இணைக்கிறது. இரவில் அதன் வண்ண விளக்குகளைப் படமெடுக்க மக்கள் கூடுகின்றனர்.

தெலங்கானாவின் ஏரியூர்களில் மதகைத் திறந்து வயலுக்கு நீர் பங்கிடும் ஊழியர் நீரடி எனப்பட்டார். தமிழகத்து நீர்க்கட்டியின் உடன்பிறப்பு இவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பது அவர் தலைக்குள் இருந்த ஆவணம். ஊரின் எழுத்தாவணமோ பட்வாரியிடம் இருந்தது. ஹைதராபாத் அரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின், 1954-55இல் தயாரான கஸ்ரா பஹாணியே தெலங்கானாவின் நிலப்பதிவுகளுக்கு அடித்தளம். தமிழகத்து அடங்கலைப்போல் நில எண்ணும் பரப்பும் உரிமையாளரும் அனுபவத்தில் இருப்பவரும் அதில் பதியப்பட்டனர். நஞ்சையை 'தரி' என்றும் புஞ்சையை 'குஷ்கி' என்றும் அக்கணக்குகள் வகைப்படுத்தின. 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தையும் 1950ஆம் ஆண்டின் ஹைதராபாத் குத்தகைச் சட்டத்தையும் அடுத்து வந்த அப்பதிவேட்டில், உரிமையாளரையும் உழுபவரையும் குறிக்கும் பத்திகளுக்கு இடையிலான வேறுபாடு ஒரு முழுச் சமூக வரலாறு. பரம்பரைப் பட்டேல், பட்வாரி முறை 1984இல் ஒழிக்கப்பட்டது. ஊர்க்கணக்கை வாய்மொழியாக விளக்கக்கூடிய கடைசித் தலைமுறையும் அத்துடன் பதவியிழந்தது.

அதன்பின் மாற்றம் விரைந்தது. சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டு மூன்றாண்டுகளுக்குள், 2001இல், சைபராபாத் வளர்ச்சி ஆணையம் உருவானது. 2007இல் சேரிலிங்கம்பள்ளி நகராட்சி பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியில் இணைந்தது. 2019 மார்ச்சில் ஹைடெக் சிட்டி மெட்ரோ நிலையம் திறந்தது. ஏக்கரில் அளந்த நிலம் சதுர கஜத்துக்கு மாறியது. மகபூப்நகர்ப் பகுதியிலிருந்து வந்த பாலமூர்த் தொழிலாளர்கள் தெலங்கானாவுக்கு உள்ளேயும் வெளியேயும் கட்டுமானப் பணிகளுக்குப் பெயர்போனவர்கள். உயர்ந்த கட்டடங்களின் வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு பத்தி உண்டு.

சில்பாராமத்தை இச்சூழலில் வைத்துப் பார்க்கவேண்டும். அதை மில்டன் பிரபுவின் செயலோடு சமன்படுத்துவது அநீதி. அது ஓர் ஊரை இடிப்பதற்கான நாடகமாக எழவில்லை. நலிந்துவந்த கைவினைஞருக்குச் சந்தையும் மேடையும் தருவதற்காக எழுந்தது. இன்றும் அதைச் செய்கிறது. அதன் மரபு வேறு. 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் அம்மரபின் மூலம். தொழில்மயத்தில் மறையும் ஊரகச் சுவீடனை வீடுவீடாகப் பெயர்த்துக் காப்பது அவரது நோக்கம். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் அவ்வழியே இடிபடவிருந்த செட்டிநாட்டு வீடு முதலியவற்றைப் பிரித்துக் கொணர்ந்து எழுப்பியது. அங்கே ஒரு தூணுக்கு முன்பு நின்ற ஊர் உண்டு. சில்பாராமத்தின் உருவங்களோ எந்த ஊரையும் சேராதவை. அவை தொழிலைக் காட்டுகின்றன. ஒரு குறிப்பிட்ட குயவரையோ, ஒரு குறிப்பிட்ட ஏரிப் பங்கையோ, ஒரு குறிப்பிட்ட கடனையோ காட்டுவதில்லை. இடிக்கும் எண்ணம் எவருக்கும் இல்லாதபோதும் விளைவு ஒன்றுபோலாகிவிடக்கூடும். காட்சிக்குரிய பொதுக் கிராமம் கண்முன் இருப்பதால், பெயருள்ள கிராமம் இல்லாமற்போனதை எவரும் கவனிப்பதில்லை.

படமும் குரலும் பிரிந்ததற்குத் தெலங்கானாவிலேயே சான்று இருக்கிறது. சில்பாராமம் போன்ற கைவினைச் சந்தைகளில் விற்கப்படும் செரியால் ஓவியம் இன்று சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் பொருள். முன்பு அது பல முழ நீளமுள்ள துணிச்சுருள். நகாஷி ஓவியர் அதை வரைந்தது கதைசொல்லிக் குழுக்களுக்காக. பத்மசாலி நெசவாளரின் குலக்கதையைக் கூனபுலிகளும், மாதிகரின் ஜாம்பவ புராணத்தைத் தக்கலிகளும், கௌடரின் கதையைக் கௌட ஜெட்டிகளும் ஊர் ஊராகச் சென்று சொல்லினர். சுருளை அவிழ்த்துக் கோலால் சுட்டிப் பாட, கேட்போர் தம் குலத்தின் தோற்றத்தைத் தாமே கண்டனர். கேட்கும் சாதியே சொல்பவருக்குக் கூலியும் தானியமும் தந்தது. எண்ணிட்ட காட்சிகள், வரிசைப்படி நகர்தல், சுட்டப்படும் இடத்துக்குரிய குரல் என ஒலிவழிகாட்டியின் இலக்கணம் முழுவதும் அதில் உண்டு. சந்தைக்கு வந்தபோது துணி சுருங்கியது; பாடுபவர் கழன்றுபோனார். புவிசார் குறியீடு ஓவியத்தைக் காக்கிறது. குரலுக்கு அத்தகைய குறியீடு எதுவும் இல்லை.

இக்கண்ணியைப் பிடித்துப் பார்த்தால் மாதாப்பூருக்கான ஒலிவழிநடை எப்படி அமையவேண்டும் என்பது தெளிவாகிறது. தொடக்கம் சைபர் டவர்ஸின் வட்டச்சாலையாக இருக்கவேண்டியதில்லை. துர்கம் செருவின் கரையில் தொடங்கலாம். ஏரியிலிருந்து நடந்தால் ஊர் ஏன் அங்கே அமைந்தது என்பது விளங்கும். கஸ்ரா பஹாணியின் நில எண்களை இன்றைய கட்டடங்களோடு பொருத்தினால், எந்த அலுவலகத்தின் அடியில் தரி நிலம், எதன் அடியில் குஷ்கி என்பதை நடப்பவர் அறிவார். ஆவணம் தரும் இச்செய்திக்குமேல், நிலத்தை விற்றவர், விற்க நேர்ந்தவர், உழுதும் பெயரேறாததால் எதுவும் பெறாதவர், ஏரியில் துணி வெளுத்தவர், பத்துகம்மா மிதக்கவிட்ட பெண்கள், கட்டடம் எழுப்பிய பாலமூர்த் தொழிலாளர் ஆகியோரின் குரல்கள் வேண்டும். தெலங்கானத் தெலுங்கிலும் தக்கனி உருதிலும் அவர்கள் பேசியவாறே அவை ஒலிக்கவேண்டும். மேடைத் தெலுங்கில் ஒரு நடிகர் வாசித்தால் அது மீண்டும் ஆளுயர உருவமாகிவிடும். அல்கட்ராஸில் போல முரண்படும் குரல்கள் முரண்பட்டே இருக்கட்டும். நில விற்பனையைச் சிலர் விடுதலையாக நினைவுகூரலாம். கரிசனம் என்ற பெயரில் அவர்கள் குரலை நீக்குவதும் வரலாற்றுத் திரிபே.

நடைமுறை இடர்கள் உண்டு. நிலத்தகராறுகள் வழக்குமன்றங்களில் இருக்கையில், ஒருவர் ஒலிப்பதிவில் சொல்வது அவருக்கே எதிரான சான்றாகக்கூடும். ஆகவே ஒப்புதல், பெயர் மறைப்பு, பதிவைத் திரும்பப்பெறும் உரிமை ஆகியவற்றை வாய்மொழி வரலாற்றுத் துறை வகுத்துள்ள நெறிப்படி முதலிலேயே உறுதிசெய்யவேண்டும். குரல் தந்தவருக்குக் கதைசொல்லிக்குரிய ஊதியமும் வேண்டும். கூனபுலிகளுக்குப் பத்மசாலிகள் கொடுத்தது தானம் அன்று, கடமை.

இதில் காலமே முதன்மையான செய்தி. கஸ்ரா பஹாணி ஆவணக்காப்பில் இருக்கும்; இன்னொரு தலைமுறை ஆய்வாளரும் அதைப் படிக்கலாம். 1984க்கு முன் ஊர்க்கணக்கைக் கேட்டறிந்தவர்களும், சைபர் டவர்ஸுக்கு முன் துர்கம் செருவின் நீரில் பயிர்செய்தவர்களும் இன்று முதியவர்கள். மாதாப்பூரைச் சுற்றி ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் உட்படப் பல உயர்கல்வி நிறுவனங்கள் உள்ளன. வரலாறு, மானிடவியல், நாட்டாரியல் பயிலும் மாணவருக்கு ஒரு பருவத்தின் களப்பணியாகவே இதைத் தொடங்கலாம். தேவைப்படுபவை ஒரு பதிவுக் கருவி, ஒரு பஹாணி நகல், நடக்கத் தெரிந்த ஓர் ஊர்க்காரர். எல்லைக்கல் எங்கே இருந்தது என்று முதலில் அவரைக் கேட்கவேண்டும்.